நிரோஷாவின் பாஸ்வேர்டு

உட்காரம்மா. யாரும் வரமாட்டார்கள், தைரியமாக உட்கார். உட்காரலாமா வேண்டாமா என்று பார்த்துப் பார்த்து நிற்கிறாயே. என் மருமகள் உட்கார்ந்து வந்த இடம் இது. இப்போது அவள் இந்த பஸ்ஸில் வருவதில்லை. ஜன்னல் ஓரம் வேண்டுமா? வேண்டாம், விடியற்காலைக் காற்று மூஞ்சியில் அடித்தால் சளி பிடிக்கும். நானே இருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கிறாய், இல்லையா? கழுத்தில் தொங்குகிற கார்டு இன்னும் மின்னுகிறதே. எந்த செக்ஷன்? ஸ்டிச்சிங்கா. கண்ணைப் பார்த்துக்கொள். நான் செக்கிங். நீங்கள் தைத்து அனுப்புகிற ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே நூல் பிசிறு, எங்கே பசைக் கறை, எங்கே தையல் கோணல் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவேன். இத்தனை வருஷத்தில் என் கண்ணுக்குத் தப்பி ஒன்று வெளியே போனதில்லை. பச்சையம்மாள் என்று கேட்டால் யாரும் சொல்லுவார்கள்.

இன்றைக்கு உன்னைக் கேன்டீன் பக்கத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். போர்ட்டல் என்பார்கள். லீவு போடுவது, ஷிப்ட் கேட்பது, பஸ் ரூட்டு, யூனிஃபார்ம் அளவு, எல்லாம் அதற்குள்ளேதான். உன் பாஸ்வேர்டை நீயே வைத்துக்கொள், மறந்தால் நீயே மாற்றிக்கொள், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நீயே புதுப்பித்துக்கொள் என்று சொல்லிக் கொடுப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். என் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தது அதுதான்.

சிரிக்காதே. ஒரு கம்ப்யூட்டர் குடும்பத்தைப் பிரிக்குமா என்று நினைக்கிறாய். கேள் முதலில். அந்த இயர்போனைக் கொஞ்சம் எடுத்து வை, பாட்டு எங்கே ஓடிவிடப் போகிறது.

முன்னே இப்படி இல்லை. போர்ட்டல் வந்த புதிதில் எல்லாருக்கும் அதைக் கண்டாலே பயம். ஆபீசில் ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்வேர்டு எழுதிக் கொடுப்பார்கள். அதை ஜாக்கெட்டுக்குள் வைத்து, வியர்வையில் நனைத்து, துணியோடு துவைத்து, மறுநாள் வந்து முழிப்பார்கள். மறந்துவிட்டால் எச்.ஆர். ரூம் வாசலில் போய் நிற்க வேண்டும். ஐ.டி.காரர் இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று திருப்பி அனுப்புவார்கள். சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போய்விடும்.

நான்தான் பொறுக்கமாட்டாமல் எடுத்துச் செய்தேன். எட்டாவதோடு நின்றவள்தான் நான். ஆனால் ஒரு தரம் காட்டினால் பிடித்துக்கொள்வேன். எங்கள் லைன் பெண்கள் அத்தனை பேருக்கும் நானே போட்டுக் கொடுத்தேன். அப்போது பாதிப் பேரிடம் போன் கிடையாது, இருந்தாலும் புருஷன் கையில் இருக்கும். அதனால் எல்லாருக்கும் என் போன் நம்பரையே கொடுத்தேன். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. இங்கிலீஷில் பச்சை, முதல் எழுத்து பெரிது, அப்புறம் ஒரு குறி, அப்புறம் ஒன்று இரண்டு மூன்று. என் பேரும் அதுதான், எங்கள் குலசாமி பேரும் அதுதான், யாருக்கும் மறக்காது பார். யாரிடமும் சொல்லிவிடாதே, என்னுடையது இன்னும் அதுதான். புதுப்பிக்கச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் ஒரு எண்ணைக் கூட்டிக்கொள்வேன்.

பாஸ்வேர்டு மட்டுமா பார்த்தேன்? யாருக்கு லீவு வேண்டுமோ என்னிடம் வந்து சொல்லுவாள், நான் போடுவேன். போட வேண்டியதைத்தான் போடுவேன். கன்னியம்மா என்று ஒருத்தி, என் டேபிளிலேயே எதிரில் நிற்கிறவள். நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு என்று இரண்டு நாள் கேட்டாள். நாத்தனார் மகளுக்கு எதற்கு இரண்டு நாள்? காலையில் போய் மொய் எழுதிவிட்டுச் சாயங்காலம் திரும்ப வேண்டியதுதானே? ஒரு நாள்தான் போட்டேன். அவள் லீவை அவளுக்காக நான் மிச்சம் பிடித்து வைத்தேன். எத்தனை பேருக்கு அப்படிச் செய்திருக்கிறேன் தெரியுமா? ஒருத்தி நன்றி சொன்னதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அப்புறம் மிருதுளா வந்தாள். எச்.ஆரில் புதிதாகச் சேர்ந்த பெண். என் மருமகளைவிடச் சின்னவள். ஒரு நாள் கேன்டீனில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள். இனிமேல் யாரும் எச்.ஆர். ரூம் வாசலில் நிற்க வேண்டாம், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம், அவரவர் பாஸ்வேர்டை அவரவரே மாற்றிக்கொள்ளலாம், தமிழிலேயே எல்லாம் வரும், போனுக்கு ஓ.டி.பி. வரும், போன் கையில் இல்லாதவர்களுக்கு மூன்று கேள்வி கேட்கும், சரியாகப் பதில் சொன்னால் திறக்கும் என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். கன்னியம்மா ரொம்பத் தட்டினாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரே கும்பல். ஒவ்வொருத்தியும் தன் எம்ப்ளாயி நம்பரைத் தட்டிப் பட்டனை அழுத்துகிறாள். ஓ.டி.பி. எங்கே வரும்? என் போனுக்கு. என் போன் எங்கே? லாக்கரில். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாதே. லாக்கர் ரூமுக்கும் கேன்டீனுக்கும் நான் ஓடின ஓட்டம் இருக்கிறதே, சின்ன வயசில்கூட அப்படி ஓடியதில்லை. சரி, வந்த எண்ணில் எது யாருடையது? அதில் பேரா போட்டிருக்கிறது? இவளுடையதை அவளுக்குச் சொல்லி, அவளுடையதை இவளுக்குச் சொல்லி, தப்பு தப்பு என்று அது சிவப்பாகக் காட்டி, மணி அடித்துவிட்டது. ஒருத்திகூட மாற்றவில்லை. எல்லாரும் அக்கா, அக்கா என்று என்னைச் சுற்றித்தான் நின்றார்கள். அன்றைக்கு நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. பசியே தெரியவில்லை போ.

மறுநாள் மிருதுளா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஒரே நம்பர் இத்தனை பேருக்கா என்று கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நீங்க நல்ல மனசுலதாம்மா செஞ்சிருப்பீங்க. ஆனா அவங்கவங்க விஷயம் அவங்கவங்க கையில இருக்கணும்" என்றாள்.

நல்ல மனசாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல மனசு என்று யாரைச் சொல்லுவார்கள்? இனிமேல் நீ வேண்டாம் என்று யாரை ஒதுக்குகிறார்களோ அவர்களைத்தான் சொல்லுவார்கள். அத்தனை பேர் பெயரிலிருந்தும் என் நம்பரை எடுத்துவிட்டார்கள். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது. வருஷக்கணக்காக நான் பார்த்த வேலை.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். கன்னியம்மா தானே பாஸ்வேர்டு போட்டு, தானே லீவு போட்டு, மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒரு வாரம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பிப்போய், கை நிறைய மருதாணி வைத்துக்கொண்டு வந்து டேபிள் முன்னால் நிற்கிறாள். நாளைக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் லீவுக்கு எங்கே போவாய் என்று கேட்டேன். "வந்தா பாத்துக்கறேங்க்கா" என்கிறாள். பார்த்துக்கொள்ளட்டும்.

அவள் எப்படியோ போகிறாள், வெளி ஆள். நான் சொல்ல வந்தது நிரோஷாவை. என் மருமகள். எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அவளை இந்த கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். தனியாகப் போக வேண்டாம், தனியாக வர வேண்டாம் என்று இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே பஸ் போட்டேன். மாசாமாசம் இருபதாம் தேதிக்குள் ஷிப்ட் கேட்க வேண்டும். எனக்குப் போடும்போதே அவளுக்கும் போட்டுவிடுவேன். அவளுக்கு அந்தப் போர்ட்டல் எப்படித் திறக்கும் என்றுகூடத் தெரியாது. அவ்வளவு நிம்மதியாக வைத்திருந்தேன்.

நல்ல பெண்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். எதிர்க்காமல்கூட ஒரு வார்த்தை பேசமாட்டாள், அது வேறு. எங்கள் ஊர் தெள்ளாறில் ஏறினால் கம்பெனி வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டு வருவேன். வீட்டு விஷயம், லைன் விஷயம், என் தங்கச்சி எனக்குச் செய்த அநியாயம், எல்லாம் சொல்லுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். தூங்குகிறாயா என்று கேட்டால், "இல்ல அத்தை, சொல்லுங்க" என்பாள். அவ்வளவு பொறுமை. வீட்டில் நான் சமைத்ததைச் சாப்பிடுவாள். போட்டதைக் குறை சொன்னதில்லை, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டதும் இல்லை. அப்படி ஒரு மருமகள் யாருக்குக் கிடைக்கும் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் பாஸ்வேர்டு மாற்றப் போன அன்றைக்கு நானும் கூடப் போனேன். தப்பாகப் போட்டுவிடுவாளே என்று பக்கத்தில் நின்றேன். முதல் பக்கம் வரைக்கும் சும்மாதான் இருந்தாள். பாஸ்வேர்டு அடிக்கிற இடம் வந்ததும், என்ன செய்தாள் தெரியுமா? தோளைத் திருப்பினாள். இப்படி. என்னை இடிக்கவில்லை, தள்ளவில்லை. தோளை மட்டும் லேசாகத் திருப்பிக்கொண்டு அடித்தாள், பாஸ்வேர்டையும், மறந்தால் கேட்கிற அந்த மூன்று கேள்விக்குப் பதிலையும். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும், என்ன பாஸ்வேர்டு போட்டாய், சொல்லு, நான் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதாம் அத்தை" என்றாள்.

யாரிடமும் என்றால் நான் யாரா? சரி, சின்னப் பெண், மைக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அடுத்த மாசத்துக்கான ஷிப்ட் லிஸ்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். என் பேர் முதல் ஷிப்ட். அவள் பேர் இல்லை. அச்சடித்ததில் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து, நிரோஷா பேரைக் காணோமே என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். கன்னியம்மா பின்னால் நின்று அடுத்த காகிதத்தைக் காட்டினாள். இரண்டாம் ஷிப்ட். மத்தியானம் வந்து ராத்திரி வீடு திரும்புகிற ஷிப்ட்.

"ஒன் மருமவளுக்குக் காது வலியாம்க்கா. பஸ்ல ரொம்பப் பேச்சு கேக்கக் கூடாதுன்னு டாக்டர் ரெண்டாம் ஷிப்ட் எழுதிக் குடுத்துட்டாராம்" என்றாள் கன்னியம்மா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போர்டு முன்னால், அத்தனை பேர் முன்னால், எனக்கே தெரியாத விஷயத்தை எனக்குக் காட்டுகிறார்கள். என் முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் நான் பேசவே இல்லை. அவளும் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் கண்ணை மூடவும் இல்லை. வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் வைத்துக் கேட்டேன். யாரைக் கேட்டு மாற்றினாய் என்றேன். காலையில் யாழினியைப் பள்ளிக்கூடத்தில் தானே கொண்டுபோய் விட வேண்டுமாம். யாழினி என் பேத்தி, ஒன்றாம் வகுப்பு. என் மகன் தாமோதரன் லோடு வண்டி ஓட்டுகிறான், போகிற வழியில் அவன்தான் இறக்கிவிட்டுப் போவான். அது நன்றாகத்தானே நடந்துகொண்டிருந்தது? குழந்தைக்குத் தலை வாரிவிட வேண்டுமாம். கொஞ்ச நேரம் வீட்டில் இருக்க வேண்டுமாம். வீட்டில் இருந்து என்ன செய்வாய், நான்தான் எல்லா வேலையும் முடித்துவிட்டுப் போகிறேனே என்றேன். ஒன்றும் செய்ய வேண்டாம் அத்தை, சும்மா இருக்கத்தான் என்கிறாள். சும்மா இருக்க யாராவது ஷிப்ட் மாற்றுவார்களா?

ராத்திரி தனியாக வரும்போது ஊர் நாலு விதமாகப் பேசுமே என்று மகனிடம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே, "கம்பெனி பஸ்லதானம்மா வரா. ஸ்டாப்புல நான் போய் நிக்கறேன். அவ பாத்துக்குவா, விடு" என்றான். பார் இவனை. விடு என்கிறான். அவளை இந்த வீட்டில் யார் பார்த்துக்கொண்டது இத்தனை நாள்?

லிஸ்ட் ஒட்டினாலும் சனிக்கிழமை வரைக்கும் திருத்த விடுவார்கள். அது எனக்குத் தெரியும். எத்தனை பேருக்குத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் அவள் பெயரை முதல் ஷிப்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் முடிந்தது. அவளும், அடடா, கிடைக்கவில்லையே என்று பேசாமல் இருந்துவிடுவாள். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. நான் சண்டைக்கா போனேன்? சத்தம் இல்லாமல் சரி செய்யத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் நான் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றேன். அவள் எம்ப்ளாயி நம்பர் எனக்கு மனப்பாடம். பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று கீழே ஒரு வரி இருக்கும், அதைத் தொட்டேன். ஓ.டி.பி. அனுப்பவா, கேள்வி கேட்கவா என்றது. ஓ.டி.பி. இப்போது அவள் போனுக்கல்லவா போகும். கேள்வியே கேள் என்றேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாத கேள்வி என்ன கேட்டுவிடப் போகிறது?

முதல் கேள்வி, உங்களுக்கு மிகவும் பிடித்த சாப்பாடு எது.

இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன், கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதுதான் பிடிக்கும். தாமோதரன் அதற்கு உயிரையே விடுவான். தப்பு என்றது. எழுத்து மாறிவிட்டதோ என்று பார்த்தேன், மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத்தான் வைக்கிறேன். அவளும்தான் சாப்பிடுகிறாள். பிடிக்காமலா சாப்பிடுகிறாள்?

இரண்டாவது, உங்கள் சின்ன வயசுத் தோழியின் பெயர் என்ன. இவளுக்கு ஏது தோழி? யாரும் வீட்டுக்கு வந்ததில்லை, இவளும் யார் வீட்டுக்கும் போனதில்லை. கல்யாணத்துக்கு ஒருத்தி வந்திருந்தாள், உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. வண்டி கிளம்பும்போது இவள் கையை விடாமல் அழுதாள், நான்தான் நேரமாகிறது என்று பிரித்துவிட்டேன். அவள் பேர் என்னவோ. பிரியா என்று போட்டேன். எல்லாப் பெண்ணுக்கும் ஒரு பிரியா இருப்பாள் இல்லையா? தப்பு.

மூன்றாவது, நீங்கள் போய்ப் பார்க்க ஆசைப்படும் இடம் எது. திருப்பதி என்று அடித்தேன். திருப்பதிக்குப் போக ஆசைப்படாதவர்கள் உண்டா?

தப்பு. திரை முழுக்கச் சிவப்பு. கணக்குப் பூட்டப்பட்டது, எச்.ஆர். பிரிவை அணுகவும் என்று வந்துவிட்டது. கை கழுவ வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் பாட்டுக்கு என் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது நீயே சொல். இது நியாயமா? அது கேட்ட கேள்வி ஒன்றாவது கேள்வியா? இவளுக்கு எத்தனை மணிக்குத் தலைவலி வரும், எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வராது, பிரசவத்தில் எத்தனை தையல் போட்டார்கள், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பிள்ளை பெற்றபோது மூன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அதையெல்லாம் கேட்காதாம். பிடித்த சாப்பாடாம், ஆசைப்பட்ட இடமாம். வாயைத் திறந்து சொல்லியிருந்தால்தானே எனக்குத் தெரியும்? வீட்டு மனுஷியிடம் சொல்லாததை ஒரு இயந்திரத்திடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

மறுநாள் காலையிலேயே எச்.ஆரில் அவளைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். மாமியார் நான் போகாமல் யார் போவது? மிருதுளா திரையைப் பார்த்துக்கொண்டே, யாரோ உங்கள் பாஸ்வேர்டை மாற்றப் பார்த்திருக்கிறார்கள், மூன்று தரம் தப்பாகப் பதில் போட்டிருக்கிறது, அது நீங்களா என்று கேட்டாள்.

நிரோஷா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. ஒரு பார்வை.

"நான்தான் மேடம். மறந்துட்டேன்" என்றாள்.

பிடித்த சாப்பாட்டை யாராவது மறப்பார்களா? மிருதுளாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். சரி, நான் அந்தக் கேள்விகளை மறுபடி கேட்கிறேன், நீங்கள் சரியாகச் சொன்னால் திறந்துவிடுகிறேன் என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

வெளியில். என் மருமகள் பதில் சொல்லுவதை நான் கேட்கக் கூடாதாம். எழுந்து வந்தேன். கண்ணாடிக் கதவு அது. உள்ளே நடப்பது தெரியும், சத்தம் கேட்காது. நான் நகரவில்லை, அங்கேயே நின்றேன்.

மிருதுளா கேட்டாள். இவள் ஒரு வார்த்தை சொன்னாள். யோசிக்கவே இல்லை, டக்கென்று சொன்னாள். அடுத்து இரண்டாவது. அதற்குச் சொல்லும்போது முகம் ஒரு மாதிரி ஆயிற்று. யாரையோ வாசலில் பார்த்த மாதிரி. மூன்றாவது கேட்டதும் சிரித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறாள். மிருதுளாவும் சேர்ந்து சிரிக்கிறாள். அப்படி என்ன இடம் அது? ஆறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டு நிமிஷம் பழகின பெண்ணிடம் சிரிக்கிறாள்.

வெளியே வந்தவள் என்னிடம் ஏதாவது கேட்பாள் என்று தயாராக நின்றேன். ஏன் செய்தீர்கள் என்று கேட்கட்டும், நாலு வார்த்தை நான் கேட்கிறேன் என்று வாய் வரைக்கும் வைத்திருந்தேன். "வாங்க அத்தை, லைனுக்கு நேரமாச்சு" என்றாள். அவ்வளவுதான். வீட்டிலும் சொல்லவில்லை, தாமோதரனிடமும் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே. என்னைக் காப்பாற்றச் சொல்லி அவளிடம் நான் கேட்டேனா? பொய் சொல்லிக் காப்பாற்றுகிற அளவுக்கு நான் என்ன திருடியா?

சனிக்கிழமை போய்விட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து அவள் இரண்டாம் ஷிப்ட். நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் வரும்போது நான் தூங்கிவிடுகிறேன். தூங்குவதாக அவள் நினைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் முகத்தையே பார்க்கிறேன். நேற்று யாழினி என்னிடம் வந்து, அம்மா ரெட்டைப் பின்னல் போட்டுவிட்டாள், வழியில் கதை சொன்னாள் என்கிறது. கதையா? இவளா? என்ன கதை என்று கேட்டால், சொல்லமாட்டேன் என்று ஓடுகிறது. குழந்தைக்கும் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துவிட்டாள் போல.

நான் விடுவேனா? இப்போது தினமும் அரை மணி முன்னாலேயே எழுந்துவிடுகிறேன். அவள் கம்பெனிக்குக் கொண்டுபோக டிபன் பாக்ஸில் தினம் ஒன்றாகச் செய்து வைக்கிறேன். புளியோதரை வைத்துப் பார்த்தேன். மறுநாள் கத்தரிக்காய்ப் பொரியல். முருங்கைக்கீரை அடை. தக்காளித் தொக்கு. எங்கள் வீட்டில் ஒருத்தரும் தொடாத பாகற்காய்கூட வெல்லம் போட்டு வதக்கி வைத்தேன். பாசம் கீசம் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். மிச்சம் வைத்தால் அது பிடிக்கவில்லை. காலியாக வந்தால் பிடித்திருக்கிறது. கணக்கு சுலபம்.

ஆனால் அந்தப் பெண் என்ன செய்கிறாள் தெரியுமா? ராத்திரி வந்ததும் பாக்ஸைக் கழுவிவிடுகிறாள். காலையில் நான் எழுந்து பார்த்தால் பளபளவென்று கழுவி, துடைத்து, மேடை மேல் கவிழ்த்து வைத்திருக்கிறது. ஒரு பருக்கை ஒட்டியிருக்காது. முகர்ந்துகூடப் பார்த்துவிட்டேன், சோப்பு வாசனைதான். தின்றாளா, கூட இருக்கிறவர்களுக்குக் கொடுத்தாளா, கொட்டினாளா, எதுவும் தெரியாது. பிடித்ததையும் ஒரே மாதிரிதான் கழுவுகிறாள், பிடிக்காததையும் ஒரே மாதிரிதான் கழுவுகிறாள்.

என்ன சொன்னாய்? அவளையே கேட்டுவிடலாமே என்கிறாயா?

கேட்பதா, நானா? வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சமைத்துப் போட்டிருக்கிறேன். உனக்கு என்ன பிடிக்கும் என்று இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவள் முன்னால் போய் நிற்கட்டுமா? நல்லா இருக்கிறது நீ சொல்லுவது. அவளல்லவா வந்து சொல்ல வேண்டும்?

நாளைக்குச் சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைக்கப் போகிறேன். அதையும் கழுவித்தான் கவிழ்ப்பாள். கவிழ்க்கட்டும். எனக்குச் சமைக்கத் தெரிந்தது இன்னும் எத்தனையோ இருக்கிறது.